செம்மண் சாலையும் சிறிய காரும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குவர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய மக்களின் கதை அது. அடுத்துப் புகைவண்டி வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் மரண இரயில்பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் கண்ணீர் அதில் கலந்திருக்கிறது. கப்பலுக்கும் புகைவண்டிக்கும் இடம் தந்த வரலாறு, அவற்றின் பின்னர் வந்த ஓர் ஊர்திக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை. பலர் கைமாறிக் குறைந்த விலைக்கு வந்து சேர்ந்த பழைய சிறிய காரே அவ்வூர்தி.

கப்பலும் புகைவண்டியும் தமிழனை ஏற்றிச் சென்றன. எங்கே செல்வது என்பதை அவன் முடிவு செய்யவில்லை. தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, தான் நினைத்த நேரத்தில், தான் நினைத்த திசையில் அவன் செல்லத் தொடங்கியது பழைய காரில்தான். ஆதலின், 'அந்தக் கார் நம்பத்தக்கதா?' என்னும் வினா அவனுக்குப் பொழுதுபோக்கு வினா அன்று. வழியில் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பிள்ளையின் தேர்வு போயிற்று. சில வேளைகளில் உயிரும் போயிற்று. செல்வர்க்குக் காரின் பழுது ஒரு தொல்லை. ஏழைக்கு அது ஓர் இழப்பு. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு பார்த்தால்தான், ஈப்போ வட்டாரத் தோட்ட மக்களுக்கும் அவர்கள் வாங்கிய பழைய கார்களுக்கும் இடையே நிலவிய உறவு விளங்கும்.

நடையும் லாரியும்

பேராக் மாநிலம் ரப்பரின் தாய்வீடுகளுள் ஒன்று. ஹியூ லோ பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1877ஆம் ஆண்டில், கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் சுங்கை சிப்புட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா, கோப்பெங் ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. இடையிடையே கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. இவை யாவற்றிற்கும் நடுநாயகமாக ஈப்போ வளர்ந்தது.

தோட்டம் என்பது தன்னுள் அடங்கிய ஓர் உலகம். லயம், பெரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம், கள்ளுக்கடை ஆகிய அனைத்தும் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தன. வெளியே செல்லத் தேவையில்லை என்பது அதன் ஒரு பொருள்; வெளியே செல்ல வழியில்லை என்பது மற்றொரு பொருள். லயத்திற்கும் பெருஞ்சாலைக்கும் இடையே சில மைல் செம்மண் பாதை. அதை நடந்து கடந்தால் பேருந்து கிட்டும். சம்பள நாளன்று தோட்ட லாரி பட்டணம் போகும். அதுவும் நிருவாகம் விரும்பினால்தான்.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. முள்வேலியும் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் தோட்ட மக்களின் நடமாட்டத்தை மேலும் சுருக்கின. இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் விடியும்வரை காத்திருக்கவேண்டிய நிலை அது. இச்சூழலில் தோட்டத்தில் ஒருவரிடம் ஒரு கார் இருந்தால், அது தோட்டம் முழுமைக்கும் பொதுவான கார் ஆகிவிடும். கிராணியாரின் காரோ, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் காரோ, நள்ளிரவில் கதவு தட்டப்பட்டதும் பேறுகாலப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஈப்போ மருத்துவமனைக்கு விரையும். மருத்துவ ஊர்தி என்று தனியே ஒன்று இல்லாத இடத்தில் ஆசிரியரின் பழைய காரே அப்பணியைச் செய்தது.

மோரிஸ் மைனர் காலம்

அந்தக் கார் பெரும்பாலும் மோரிஸ் மைனராக இருந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலார் உருவாக்கிய இக்கார், மலாயாவில் அவசரகாலம் பிறந்த அதே 1948ஆம் ஆண்டில் இலண்டனில் அறிமுகமாயிற்று. பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமையும் இதற்கு உண்டு. 1956இல் இதன் இயந்திரம் 948 சி.சி. அளவினதாகவும், 1962இல் 1098 சி.சி. அளவினதாகவும் வளர்ந்தது. மலாயாவில் இது முதலில் அதிகாரிகளின் கார். பிறகு எழுத்தர், ஆசிரியர், மருந்தக உதவியாளர் ஆகியோரின் கார். அதற்கும் பிறகு, பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்துத் தேய்ந்த நிலையில், சேமிப்புள்ள தொழிலாளியின் கார்.

மோரிஸ் மைனர் பழுதுறாத கார் என்று அதன் உரிமையாளர் எவரும் சொல்லியிருக்க மாட்டார். மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொண்டு காலையில் கிளம்ப மறுக்கும். மின்பொறி தரும் 'பாயிண்ட்' கரிபிடித்தால் இயந்திரம் விக்கும். மின்விசையால் இயங்கிய பெட்ரோல் பம்பு திடீரென உறங்கிவிடும். அதனை ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் விழித்துக்கொள்ளும். முன் சக்கரங்களைத் தாங்கிய திருகுமூட்டுக்குத் தவறாமல் மசகு இடவேண்டும். மறந்தால் அது தேய்ந்து கழன்று, சக்கரமே மடங்கிவிடும். செம்மண் தூசியும் குழியும் நிறைந்த தோட்டச் சாலையில் இக்குறை நகரத்தைவிட விரைவில் தலைகாட்டியது.

ஆயினும், இக்காரை நம்பத் தகாதது என்று மக்கள் தள்ளவில்லை. காரணம் என்ன? அதில் ஏற்படும் பழுது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. முன்மூடியைத் திறந்தால் இயந்திரத்தைச் சுற்றித் தரை தெரியும் அளவுக்கு இடம் இருந்தது. ஒரு திருப்புளி, இரண்டு மூன்று சாவிகள், ஓர் உப்புத்தாள், ஒரு புட்டி நீர் ஆகியவை இருந்தால் பாதிப் பழுது வழியிலேயே தீர்ந்துவிடும். பேட்டரி வலுவிழந்தால் முன்புறத் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாம்; அல்லது நான்கு இளைஞர் சேர்ந்து தள்ளினால் போதும். கார் அடிக்கடி நின்றது; ஆனால் வழியில் கைவிட்டது அரிது.

இந்த இயல்பு பேராக்கிற்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் மோரிஸ் மைனர் தலைமுறை கடந்து ஓடியது. தேய்ந்த உறுப்புகளை அங்குள்ள பட்டறைகள் தாமே செய்துகொண்டன. 1990களில் அங்குச் செய்யப்பட்ட உடற்தகடுகள் பிரித்தானியாவிலுள்ள பழைய மோரிஸ் கார்களுக்காகக் கப்பலேறின. காரைப் படைத்த நாடு உறுப்புக்காகத் தன் பழைய குடியேற்ற நாட்டை நாடியது வரலாற்றின் ஒரு சுவையான திருப்பம்.

இரும்பு பிழைத்தது, தகடு மடிந்தது

1960களின் நடுப்பகுதியிலிருந்து மலேசிய அரசு கார்களை உள்நாட்டிலேயே பொருத்தும் தொழிலை ஊக்குவித்தது. 1967 தொடங்கிப் பொருத்துதொழிற்சாலைகள் எழுந்தன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி, குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய கார்களின் மதிப்பை உயர்த்தியது. பிரித்தானியக் கார்களின் இடத்தை ஜப்பானியக் கார்கள் பிடித்தன. அவற்றுள் பேராக் சாலைகளில் பெரிதும் தென்பட்டவற்றுள் ஒன்று டட்சன் 120ஒய். அதன் 1171 சி.சி. இயந்திரம் உழைப்பிற்குப் பெயர் பெற்றது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். வெயிலில் மலையேறினாலும் எளிதில் கொதிக்காது. மோரிஸ் ஓட்டிப் பழகியவர்க்கு இது ஒரு வியப்பாகவே இருந்திருக்கவேண்டும்.

ஆனால் டட்சனின் பகைவன் வேறு. ஆண்டு முழுதும் மழை பொழியும் நாட்டில் அதன் மெல்லிய தகடு துருவிற்கு இரையாயிற்று. கதவின் அடி, சக்கரத்தின் மேல்வளைவு, இருக்கையின் கீழ்த்தளம் ஆகிய இடங்கள் முதலில் அரித்தன. இயந்திரம் நல்ல நிலையில் இருக்க, காலடியில் சாலை தெரியத் தொடங்கும். மோரிஸ் காரில் நாள்தோறும் இயந்திரத்தைக் கவனிக்கக் கற்ற மக்கள், டட்சன் காரில் ஆண்டுதோறும் தகட்டைக் கவனிக்கக் கற்றனர். துருவைச் சுரண்டி, ஒட்டுத்தகடு வைத்து, வண்ணம் பூசுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

இக்காலத்தில்தான் பழைய கார் வாங்கும் கலை தோட்டங்களில் உருவாயிற்று. தினக்கூலி பெறுபவருக்குத் தவணைக் கடன் எளிதில் கிட்டாது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பால் இல்லையேல் கூலியும் குறையும். மாதந்தோறும் ஒரே தொகை கட்டுவது எங்ஙனம்? ஆகவே மொத்தமாகப் பணம் சேர்த்து வாங்குவதே வழி. பலர் கூட்டுப் பிடித்துப் பணம் சேர்த்தனர். கூட்டு நிதி நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தபோதிலும், ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த லயங்களில் அப்பழக்கம் உடனே மறைந்துவிடவில்லை.

இவ்வாறு சேர்த்த பணம் ஒரே ஒரு வண்டிக்கே போதும் என்பதால், ஆழமறிந்துதான் காலை வைக்கவேண்டியிருந்தது. விவரமறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வர். இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில்தான் பார்ப்பர். ஏனெனில் சூடேறிய வண்டி தன் நோயை மறைத்துக்கொள்ளும். பின்குழாயில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை நோக்குவர். இயந்திரத்தின் தலைப்பகுதி வெடித்தோ இடைத்தகடு கிழிந்தோ இருந்தால், நீரும் எண்ணெயும் கலந்து அங்கே வெளிறிய குழம்பு படிந்திருக்கும். நாள்தோறும் ரப்பர்ப்பாலைக் கண்ட கண்களுக்கு அந்தப் பால்நிறத்தைக் கண்டுபிடிக்க எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தோட்டம் சிதைந்தபோது

கார் ஒரு வசதி என்னும் நிலையிலிருந்து தேவை என்னும் நிலைக்கு மாறிய காலம் இனி வருகிறது. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடலைத் தொடர்ந்து, ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே போதும். பின்னர் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் தோட்ட நிலத்தைத் தேடி வந்தன. 1980களின் இறுதிவரை உலகின் முதன்மை இயற்கை ரப்பர் உற்பத்தி நாடாக விளங்கிய மலேசியா, 1990களின் தொடக்கத்தில் அவ்விடத்தைத் தாய்லாந்திடம் இழந்தது.

தோட்டம் மூடப்பட்டபோது தொழிலாளி வேலையை மட்டும் இழக்கவில்லை; வீட்டையும் இழந்தான். அதுவரை ஒரே வேலிக்குள் இருந்த வீடு, வேலை, பள்ளி, கோயில் ஆகிய நான்கும் நான்கு திசைகளில் சிதறின. குடியிருப்பு சுங்கை சிப்புட்டின் புறத்தே மலிவு விலை வீட்டில்; வேலை ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கிலோ தாசெக்கிலோ உள்ள தொழிற்சாலையில்; பிள்ளையின் தமிழ்ப்பள்ளி பழைய தோட்டத்தில்; குலதெய்வமும் அங்கேயே. இடைவெளி என்பதை அறியாத மக்கள்மீது இடைவெளி சுமத்தப்பட்டது. அதனைக் கடக்க ஒரு வண்டி வேண்டும்.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்குப் பணியாற்றிய ஒவ்வோராண்டிற்கும் குறைந்தது 20 நாள் ஊதியம் உண்டு. இருபது ஆண்டு பால் வெட்டிய ஒருவர்க்கு அது 400 நாள் கூலி. ஒரு வாழ்நாளின் விலையாக வந்த அத்தொகை ஒரு வீட்டிற்குப் போதாது. ஒரு பழைய காருக்குப் போதும். இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியோ முழுமையோ இவ்வாறு நான்கு சக்கரங்களாக உருமாறிய குடும்பங்கள் பல. அந்தக் கார் நம்பிக்கைக்கு உரியதாய் அமையாவிட்டால் அக்குடும்பம் இழந்தது ஒரு வண்டியை மட்டும் அன்று. இருபதாண்டு உழைப்பின் எச்சத்தை.

1985ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஜூலை 9ஆம் நாள் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. ஈப்போ வட்டாரத்தில் வேலை குறைந்த ஆண்டே, நாட்டின் காரும் பிறந்த ஆண்டாயிற்று. புதிய சாகா தோட்டத் தொழிலாளிக்கு எட்டாத கனி. ஆனால் பத்தாண்டு கழித்து அது பழைய காராகித் தோட்டத்திற்கும் மலிவு வீட்டுக் குடியிருப்பிற்கும் வந்து சேர்ந்தது.

சாகாவின் இயந்திரம் மிட்சுபிஷி வடிவமைத்தது, 1.3 லிட்டர் அளவினது. அதன் நம்பகத்திற்கு இயந்திரத்தின் தரம் மட்டும் காரணம் அன்று. எண்ணிக்கையும் ஒரு காரணம். நாடெங்கும் ஒரே வகைக் கார் மிகுதியாக ஓடியதால், அதன் உறுப்பு கிடைக்காத பட்டணமே இல்லை. அதனைப் பிரித்துப் பூட்டத் தெரியாத பட்டறையும் இல்லை. ஈப்போவின் சிலிபின், மெங்களம்பு, புந்தோங் பகுதிகளில் சீனத் தவுக்கேயிடம் தொழில் கற்ற தமிழ் இளைஞர் பின்னர் தாமே பட்டறை வைத்தனர். பட்டறையின் பொதுமொழி மலாய். பழுது என்பதற்கு 'ரோசாக்' என்னும் மலாய்ச் சொல்லும், காருக்குக் 'காடி' என்னும் சொல்லும் தமிழர் பேச்சில் வேரூன்றின. "அண்ணே, காடி ரோசாக்" என்ற மூன்று சொற்களில் மூவினத்தாரும் கலந்து வாழ்ந்த ஒரு தொழிலின் வரலாறே அடங்கியிருக்கிறது.

சருகுமானின் வருகை

1993இல் நிறுவப்பட்ட பெரோடுவா, 1994ஆம் ஆண்டு ஆகஸ்டில் கஞ்சில் என்னும் சிற்றுந்தை வெளியிட்டது. வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுமைபெற்றுத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். கஞ்சில் என்பது சருகுமானுக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர். பெரிய விலங்குகளை அறிவால் வெல்லும் சிறிய விலங்காக மலாய் நாட்டுப்புறக் கதைகள் அதனைப் போற்றுகின்றன. ஜப்பானின் டைஹட்சு மீரா காரை அடியொற்றிய இவ்வண்டிக்கு முதலில் 660 சி.சி. இயந்திரம், பின்னர் ஏறத்தாழ 850 சி.சி. இயந்திரமும் வந்தது. இரண்டிற்கும் மூன்று உருளைகளே. எடை ஏறத்தாழ 700 கிலோ. சக்கரத்தின் விட்டம் 12 அங்குலம். 2009ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட கஞ்சில்கள் விற்பனையாயின.

இந்தியாவில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லவேண்டின் மாருதி 800 காரைச் சொல்லலாம். 1983 இறுதியில் வெளிவந்த அதுவும் மூன்று உருளைகள் கொண்ட, 796 சி.சி. சிற்றுந்தே. மோரிஸ் குடும்பத்தில் பிறந்த அம்பாசடருக்குப் பின் இந்திய நடுத்தரக் குடும்பம் மாருதியை நாடியது போலவே, இங்கும் மக்கள் கஞ்சிலை நாடினர். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மாருதி பெரிதும் நடுத்தர வகுப்பின் முதல் கார். இங்கே பழைய கஞ்சில், தோட்டத்திலிருந்து வெளியேறிய உழைக்கும் வகுப்பின் முதல் கார்.

அதன் செலவுக் கணக்கே அதற்குக் காரணம். தீபகற்ப மலேசியாவில் 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டுச் சாலைவரி 20 வெள்ளி, 1.3 லிட்டர் சாகாவிற்கு 70 வெள்ளி. பெட்ரோல் செலவும் குறைவு, டயரும் மலிவு. கிளம்பாமல் தொல்லை தந்த நாள்கள் மிகக் குறைவு. பழைய வண்டியாயினும் சாவியைத் திருப்பியதும் மூன்று உருளைகளுக்கே உரிய மெல்லிய நடுக்கத்தோடு உயிர்பெறும். மலையேறும்போது குளிர்சாதனத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் உரிமையாளர் அனைவரும் அறிந்த பாடம். ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மெனோரா ஏற்றத்தில், சன்னல்களை இறக்கிவிட்டு இடப்புறமாக மெல்ல ஏறும் கஞ்சிலைக் காணாதவர் இலர்.

இக்கார் செய்த சமுதாய மாற்றமும் குறிப்பிடத்தக்கது. மோரிஸ், டட்சன் காலத்தில் கார் ஓட்டுதல் ஆண்களின் செயலாகவே பெரிதும் இருந்தது. வண்டியைத் தள்ளவும் கைப்பிடியைச் சுழற்றவும் தேவையில்லாத கஞ்சில், பெண்களின் கையிலும் எளிதாகச் சென்றது. முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் அதனை ஓட்டிக்கொண்டு வேலைக்குச் சென்றாள். அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துச் சென்றாள். நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். மக்கள் வெளியேறிய தோட்டங்களில் மாணவர் குறைந்தும் சில பள்ளிகள் தொடர்ந்து நடந்தமைக்கு, பெற்றோர் காலையும் மாலையும் ஓட்டிய பழைய கார்களும் ஒரு காரணம் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்கு வரும் கூட்டத்திலும், ஆண்டுதோறும் பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிற்குத் திரும்பும் கூட்டத்திலும் இக்கார்களின் பங்கு பெரிது. சிதறிய நான்கு திசைகளை அவை மீண்டும் ஒன்றாகக் கட்டின.

குறையையும் கூறவேண்டும். காற்றுப்பை இல்லாத, மெல்லிய தகட்டால் ஆன சிறிய வண்டி, நெடுஞ்சாலையில் கனரக ஊர்திகளின் நடுவே செல்வது ஆபத்தானதே. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் நால்வர் சென்ற குடும்பம் கஞ்சிலுக்கு மாறியது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தவறாது கிளம்புவதும், விபத்தில் காப்பதும் ஒன்றல்ல. நம்பகம் வேறு, பாதுகாப்பு வேறு.

இருவகை நம்பகம்

மோரிஸ் முதல் கஞ்சில் வரை வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நம்பகம் ஒருவகைப்பட்டதன்று, இருவகைப்பட்டது. ஒன்று பழுதுறாமை, மற்றொன்று பழுதுற்றால் தன் கையாலேயே சீர்செய்யத் தக்க தன்மை. மோரிஸ் முதலாவதில் குறைந்தது, இரண்டாவதில் நிறைந்தது. கஞ்சில் முதலாவதில் நிறைந்தது. இரண்டாவதில் மோரிஸுக்கு ஈடாகாது. டட்சனும் சாகாவும் இடைப்பட்டவை.

இவ்வேறுபாடு உரிமையாளரின் பழக்கத்தையும் மாற்றியது. மோரிஸ் வைத்திருந்தவர் அதனை நம்பவில்லை. ஆகவே நாள்தோறும் கவனித்தார். கஞ்சில் வைத்திருந்தவர் அதனை முழுமையாக நம்பினார். ஆகவே கவனிக்க மறந்தார். அதன் இயந்திரத்திற்குள் காலமுறையை ஆளும் ரப்பர்ப்பட்டி கண்ணுக்குத் தெரியாது. தேயும்போது ஓசை எழுப்பாது. குறித்த தொலைவில், பொதுவாக 100,000 கிலோமீட்டருக்குள், அதனை மாற்றாவிட்டால் ஒருநாள் திடீரென அறுந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். அப்பொழுது திருப்புளியும் பயனில்லை. நான்கு இளைஞர் தள்ளினாலும் பயனில்லை. நீர்த்தொட்டியில் நீர் குறைவதைப் பாராது ஓட்டினால் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். சில வெள்ளி மதிப்புள்ள குழாயை மாற்றாததால் பல நூறு வெள்ளி செலவாயிற்று என்பது பட்டறைகளில் நாள்தோறும் கேட்கும் புலம்பல். கையில் பணம் இல்லாதவர் பராமரிப்பை ஒத்திவைப்பர். ஒத்திவைத்த பராமரிப்பு பெருஞ்செலவாகத் திரும்பும். ஏழைமை தன்மீது தானே வட்டி கட்டிக்கொள்ளும் முறை இது.

எனவே, 'இந்தப் பழைய கார் நல்ல காரா?' என்று கேட்பது அரைகுறை வினா. யாருடைய கையில், எந்தச் சாலையில், எந்தப் பட்டறையின் அருகில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். தொழிற்சாலை தருவது பாதி நம்பகம்தான். மற்றொரு பாதியை மசகு இடும் கையும், உறுப்புக் கடையும், கடன் சொல்லிப் பழுது நீக்கித் தரும் பட்டறைக்காரரும், தள்ளிவிட ஓடிவரும் அண்டை வீட்டாரும் சேர்ந்தே படைத்தனர். லயத்தில் இருந்த ஒற்றுமை, லயம் இடிந்த பிறகும் சில காலம் ஒரு காரைச் சுற்றி உயிர்வாழ்ந்தது எனலாம்.

அண்மைக் காலக் கார்கள் முற்றிலும் மின்னணுவால் ஆளப்படுபவை. அவற்றில் பழுது இன்னும் குறைவு. உரிமையாளரின் கைக்கு வேலை அதனினும் குறைவு. மோரிஸின் மூடியைத் திறந்து தந்தை மகனுக்குக் கற்பித்த பாடம் இப்பொழுது கணினிக் கருவியிடம் போய்விட்டது. இது குறை கூறுவதற்குரியதன்று, ஆனால் குறித்துவைப்பதற்குரியது. பழைய வாகனப் பதிவுப் புத்தகங்கள் சில குடும்பங்களின் பெட்டிகளில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு கார் யார் யாரிடம் கைமாறி வந்தது என்பதை அவை காட்டும். துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து ஆசிரியர்க்கும், ஆசிரியரிடமிருந்து தொழிலாளிக்கும் ஒரு வண்டி படிப்படியாக இறங்கி வந்தபோது, அந்தத் தொழிலாளியின் குடும்பம் படிப்படியாக ஏறி வந்தது. தாத்தாவின் காரைப் பற்றி ஒரு மாணவன் தன் வீட்டில் கேட்டு எழுதிவைப்பானாயின், கப்பலுக்கும் புகைவண்டிக்கும் பின் விடுபட்டுப்போன ஓர் ஏடு நம் வரலாற்றில் சேரும். கேட்பதற்குரியவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டும். செம்மண் சாலைகளில் பல இப்பொழுதே இல்லை.